பூமாவின் தாடைக்கடியில் கறுப்பா, சிவப்பா

திக்லாவும் கொந்தோரியும் பேச்சை நிறுத்தி இருபத்திரண்டு நாளாகியிருந்தது. ஏரிக்கரைக் குயவர் குடியிருப்பில் இது ரகசியமில்லை. புருஷன் பெண்டாட்டி சண்டை எந்தக் கூரைக்கடியிலும் உண்டு. ஆனால் இவர்கள் தொழிலிலும் ஜோடி. சோளக்கள் குடிக்கிற குவளைகளுக்கு வண்ணம் தீட்டுவதில் இவர்களை மிஞ்ச இந்தக் கரையிலும் ஆளில்லை, எதிர்க்கரையிலும் ஆளில்லை.

குவளை என்பது இங்கே ஒற்றையாகப் பிறப்பதில்லை. ஒரே மண்ணுருண்டையை இரண்டாகக் கிள்ளி, கயிறு கயிறாகத் திரித்து ஏற்றி, ஒரே குழியில் சுட்டு, இரட்டைப் பிள்ளைகள் மாதிரிதான் வெளியே எடுப்பார்கள். தனியாகக் குடிக்கிறவனை மனிதக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒன்றைத் தன் கையில் வைத்துக்கொண்டு மற்றதை எதிரே நிற்பவனிடம் நீட்ட வேண்டும். அவன் வாங்க வேண்டும். இருவரும் ஒரே மூச்சில் காலி செய்ய வேண்டும். நீட்டியதை வாங்காவிட்டால், கவணை எடுத்துக்கொண்டு வெளியே வா என்று கூப்பிட்டதற்குச் சமம்.

இதனால் கொந்தோரிக்கு இருபத்திரண்டு நாளாக வெறும் தண்ணீர்தான். திக்லா பக்கத்து வீட்டுக்காரியோடு ஜோடி சேர்ந்து தினம் இரண்டு குவளை குடித்துவிட்டு, உதட்டு நுரையைத் துடைக்காமலே அவன் எதிரில் நடந்து போவாள்.

சண்டைக்குக் காரணம் கொந்தோரியின் வாய். அறுவடை விருந்தில் யாரோ அவர்கள் தீட்டிய பெரிய கள்ஜாடியைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். கூர்மையான அடி, நீண்ட கழுத்து, வயிற்றில் பெரணி இலைகள் இரண்டு பக்கமும் ஏறி விரிகிற சித்திரம். இத்தனை இலைக்கும் ஒரு கோடு கூடப் பிசகவில்லையே, யார் கை என்று கேட்டார்கள். கொந்தோரி மார்பை நிமிர்த்தி, எல்லாம் தன் கைதான், பெண்டாட்டி காவி கரைத்துக் கொடுப்பாள் என்றான். காவி கரைத்துக் கொடுப்பவள் அப்போது அவன் முதுகுக்குப் பின்னால்தான் நின்றிருந்தாள். பெரணி இலை ஒவ்வொன்றும் அவள் போட்டது.

திக்லா இந்தக் குளிர்நாட்டுக்காரி இல்லை. மேற்கே, கடலோரத்து சிஞ்சாக்காரி. அவள் அப்பா கட்டுமரம் கட்டிக்கொண்டு வடக்கே போய்ச் செஞ்சிப்பி ஏற்றி வந்து, மலைக்காரர்களிடம் செம்புக்கும் கம்பளிக்கும் மாற்றியவர். சந்தையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் அவள் பேசவே கற்றாள். எந்தச் சரக்கிலும் பழுது இருந்தால் வாங்க வருகிறவன் கண்ணில் படும் முன் நீயே அதை எடுத்துக் காட்டிவிடு, பிறகு விலையைப் பேசு என்பது அவர் பாடம். பேரரசர் இன்காவின் ஆணைப்படி நாலா திசையிலிருந்தும் கைவினைக்காரர்களைக் கொண்டுவந்து இந்தக் கரையில் குடிவைத்தபோது அவளும் வந்தாள், கொந்தோரியைக் கட்டிக்கொண்டாள், உறைபனியில் காயவைத்த கிழங்கைத் தின்னவும் பழகிக்கொண்டாள். பேரம் பேசும் நாக்கு மட்டும் குளிரில் உறையவில்லை.

பேச்சு நின்று இரண்டு வாரம் ஆகி, இருவரும் இந்த மாதிரி முறைத்துக்கொண்டிருந்த நேரத்தில்தான், ரிமாச்சி வந்தார். ஏரிக்கரை முழுவதற்கும் இன்காவின் கண்ணாக இருந்த அதிகாரி அவர். காதில் தொங்கும் தங்கவளையம் தோளைத் தொடும். பேச்சு குறைவு. பானையை நகத்தால் சுண்டிக் காதில் வைத்துக் கேட்பார். சத்தம் பிடிக்கவில்லை என்றால் அதே இடத்தில் கீழே போட்டு உடைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார்.

இந்த முறை அவர் கேட்டது ஒரே ஒரு ஜோடிக் குவளை. மேல்பாதி ஊர்த்தலைவர் அப்பாசாவுக்கும் கீழ்பாதி ஊர்த்தலைவர் லாரிகோவுக்கும் நடுவே கிடக்கிற நாணல்காட்டு வழக்கை அவர் முடித்துவைக்கப் போகிறார். ஓடம் கட்ட நாணல், கூரைக்கு நாணல், சுமை தூக்குகிற லாமாவுக்குத் தீனியும் நாணல்தான். ஆகையால் வழக்கு லேசானதில்லை. ஏற்கெனவே இரண்டு முறை சமாதானக் கள் ஊற்றியாயிற்று. ஒருவன் கையிலிருந்து இன்னொருவன் குவளையை வாங்கிக் குடித்தால்தான் சமாதானம். ஆனால் நீட்டுகிறவன் வீட்டுக்காரன், வாங்குகிறவன் விருந்தாளி. நாணல்காட்டில் யார் வீட்டுக்காரன் என்பதுதானே வழக்கே. ஆகவே இரண்டு தலைவர்களும் ஆளுக்கொரு குவளையை நீட்டிக்கொண்டு நின்றார்கள், வாங்க ஆளில்லை. வெயில் ஏறியது, கை நடுங்கியது, கள் சிந்தியது. முதல் முறை நான்கு மண்டை உடைந்தது. இரண்டாம் முறை பதினொன்று. அதற்குக் காரணம், ஒரு குவளை மற்றதைவிட அரைவிரல் குட்டையாக இருந்ததாம்.

ஆகவே இந்த ஜோடியில் இழை வித்தியாசம் இருக்கக் கூடாது என்றார் ரிமாச்சி. இருந்தால் இவர்கள் வேலை செய்கிற வண்ணக்கொட்டகை வேறு ஆளுக்குப் போகும், இவர்கள் இருவரும் மலைக்கு அப்பால் சூட்டுக்காட்டில் கொக்கா இலை பறிக்கப் போவார்கள். அந்தக் காட்டிலிருந்து திரும்பி வந்தவர்களைக் குடியிருப்பு பார்த்திருக்கிறது. கொசு கடித்துக் கடித்து, பேசும்போதுகூடக் காற்றில் கையை வீசிக்கொண்டே இருப்பார்கள்.

வழக்கமாக இருவரும் எதிரெதிரே உட்கார்ந்துதான் தீட்டுவார்கள். கொந்தோரி ஒவ்வொரு கோட்டையும் குரல் கொடுத்து இழுப்பான், அவளும் அதே மூச்சில் இழுப்பாள். இந்தத் தடவை பேச்சுதான் இல்லையே. முதுகோடு முதுகு வைத்து உட்கார்ந்து, ஆளுக்கொரு குவளையாகத் தீட்டினார்கள். பழகிய வேலை, பார்க்காமலே வரும் என்பது திக்லாவின் நினைப்பு. வாய்விளிம்பில் உறுமுகிற பூமாவின், அதாவது மலைச்சிங்கத்தின், தலை ஒன்று; அதற்குக் கீழே குவளையைச் சுற்றி எட்டு வைரக்கட்டம், கறுப்பும் காவியும் மாறி மாறி. அடியில் உடுக்கை வடிவில் ஒரு வரிசை. முதல் கட்டம் பூமாவின் தாடைக்கடியில் விழ வேண்டும்.

அந்த முதல் கட்டத்தில்தான் அவர்களுக்குள் ஆறு வருஷத்துப் பழைய தாவா. கறுப்பு மழைமேகம், மேகம்தான் முதலில் வரும் என்பான் கொந்தோரி. காவி செஞ்சிப்பியின் நிறம், சிப்பியைச் சாமிக்குக் கொடுத்தால்தானே மேகமே எட்டிப்பார்க்கும், ஆகவே காவிதான் முதலில் என்பாள் திக்லா. அவன் ஊர், அவன் மண், அதனால் ஆறு வருஷமாகக் கறுப்புதான் முதலில். திக்லா அன்றும் முணுமுணுத்துக்கொண்டே கறுப்பைத் தொட்டாள். கொக்காக்காடு கண்ணில் தெரியும்போது சிப்பிக்காக மல்லுக்கு நிற்க அவள் பைத்தியக்காரி இல்லை.

காய்ந்த குவளைகளை அவரவர் வைக்கோலில் பொதிந்து குழியில் இறக்கினார்கள். லாமாச் சாணி ஒரு பகல் முழுக்க எரிந்து அடங்கியது. இருபத்திரண்டாம் நாள் காலையில் சாம்பலைத் தள்ளி, சூடு ஆறிய குவளைகளை எடுத்துத் துடைத்துப் பாயில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள் திக்லா.

அவள் குவளையில் பூமாவின் தாடைக்கடியில் கறுப்பு. அவன் குவளையில் காவி.

சமாதான விருந்து மறுநாள். இன்னொரு ஜோடி வனைந்து, உலர்த்தி, சுட்டு எடுக்கக் குறைந்தது ஆறு நாள் வேண்டும். இருபத்திரண்டு நாள் மௌனம் அங்கேயே உடைந்தது.

"என்னய்யா பண்ணி வச்சிருக்க?"

கொந்தோரி குவளைகளைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், பிறகு ஏரியைப் பார்த்தான். "நீதான புள்ள எப்பவும் கேப்ப, காவி முதல்ல வரணும்னு. சரி, இந்த ஒரு தடவை உன் இஷ்டப்படியே இருக்கட்டுமேன்னு..."

"வாயில சொல்றதுக்கென்ன?"

"வாயாலதான வம்பே வந்துச்சு. அதான் தூரிகையால சொன்னேன்."

"ஊர்ல உள்ளவன்லாம் பொண்டாட்டிகிட்ட வாயால மன்னிப்புக் கேப்பான். நீ இன்காவோட குவளையில கேட்டிருக்க. இப்ப ரெண்டு பேருமா கொசுகிட்டப் போயிக் கேப்போம்."

சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டாள், இருபத்திரண்டு நாள் கோபத்தை இவ்வளவு மலிவாகக் கைவிட அவளுக்கு மனசில்லை. கொந்தோரி யோசனைகளை அவிழ்த்தான். காவிக்கு மேலே கறுப்பைப் பூசி மறைத்துவிடலாம் என்றான். சுட்டபிறகு பூசினால் ஒட்டாது, முதல் மடக்கிலேயே கரைந்து தலைவரின் உதடு கறுத்துவிடும் என்றாள். பூமாத் தலையை உடைத்து எடுத்துவிட்டால் எது முன்பக்கம் என்றே தெரியாதே என்றான். மூளியான குவளையைச் சமாதானத்துக்கு நீட்டினால் மண்டை எத்தனை உடையும் என்று அவனையே கேட்டாள்.

திக்லா பாயின் முன் குந்தி உட்கார்ந்து குவளைகளையே வெறித்தாள். சந்தையில் பழுதுபட்ட சரக்கோடு மாட்டிக்கொண்டால் அப்பா இப்படித்தான் உட்காருவார், அதில் நல்லது ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று தேடுவார். ஒரு குவளையை எதிரே வைத்துப் பார்த்தால் மூன்று கட்டம்தான் கண்ணுக்குத் தெரியும். இதில் காவி, கறுப்பு, காவி. பக்கத்தில் உள்ளதில் கறுப்பு, காவி, கறுப்பு. அவள் இரண்டையும் இன்னும் நெருக்கி வைத்தாள். பிறகு கூடத்துக்குள் போய், பழைய ஜோடி ஒன்றை எடுத்துவந்து அருகே வைத்தாள். கொஞ்ச நேரம் இதையும் அதையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எந்திரிய்யா. ரிமாச்சிகிட்டப் போறோம்."

"நாமளே போயி மாட்டிக்கணுமா?"

"அவரா வந்து கண்டுபிடிச்சா அது குத்தம். நாமளாக் கொண்டுபோயிக் காட்டினா அது சரக்கு."

ரிமாச்சி தன் கல்வீட்டு முற்றத்தில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். குவளைகளைப் பார்த்த நொடியிலேயே அவர் புருவம் ஏறியது. திக்லா வாயைத் திறக்க இடம் கொடுக்காமல் இரண்டையும் சுண்டிக் கேட்டார். சத்தம் நன்றாகத்தான் இருந்தது. அதனால் உடைக்கவில்லை. ஆனால் பிடியையும் விடவில்லை.

"வேணும்னே செஞ்சதா, தப்பா?"

வேண்டுமென்றே என்று சொல் எனக் கொந்தோரியின் முழங்கை அவளை இடித்தது.

"தப்புதாங்க ஐயா," என்றாள் திக்லா. "ஆனா தப்புல ஒண்ணு கண்டுபிடிச்சோம். நீங்க தினம் குடிக்கிற ஜோடியக் கொஞ்சம் கொண்டாரச் சொல்லுங்க."

கொண்டுவந்தார்கள். ஆறு வருஷத்துக்கு முன் இவர்களே தீட்டியது. இரண்டையும் பூமா முகம் முன்னால் இருக்கும்படி ஒட்டி வைத்தாள். காவி, கறுப்பு, காவி. அதை அடுத்து மறுபடி காவி, கறுப்பு, காவி. இரண்டு குவளையும் சேருகிற இடத்தில் காவியும் காவியும் முட்டிக்கொண்டு நின்றன. பிறகு புது ஜோடியை அதேபோல் வைத்தாள். காவி, கறுப்பு, காவி, கறுப்பு, காவி, கறுப்பு. முட்டலே இல்லை, ஒரே நாடா இரண்டு குவளையிலும் ஓடியது.

பழைய ஜோடியில் இரண்டு குவளையும் ஒரே மாதிரி, அதனால் இரண்டும் தனித்தனி என்றாள். புது ஜோடியில் ஒன்று இல்லாமல் இன்னொன்றின் வரிசை முடிவதில்லை. நாணல்காட்டுக்கு எது பொருத்தம் என்று ஐயாதான் சொல்ல வேண்டும் என்று சொல்லிவிட்டு, அப்பா கற்றுக்கொடுத்தபடி, வாயை மூடிக்கொண்டாள். விலையைச் சொன்னபிறகு முதலில் பேசுகிறவன் தோற்பான்.

ரிமாச்சி தன் பழைய குவளைகளை நெடுநேரம் பார்த்தார். "ஆறு வருஷமா இதுலதான் குடிக்கிறேன். இனிமே இது கண்ணை உறுத்திக்கிட்டே இருக்கும். உன்னால."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று திக்லா தலையைக் குனிந்தாள். அவர் முடிவைச் சொன்னார். நாளைக்கு இந்த ஜோடியையே வைக்கலாம். இரண்டு தலைவர்களும் காலி செய்தால் கொட்டகை இவர்களுடையது. ஒருவர் குவளையைத் தூக்கி எறிந்தாலும், உடைந்த ஓடு தரையில் உருண்டு நிற்பதற்குள் இவர்கள் காட்டுப்பாதையில் நடக்கத் தொடங்கியிருக்க வேண்டும்.

மறுநாள் பொட்டலில் கூட்டம் நெரிந்தது. மேல்பாதி ஊர்க்காரர்கள் ஒருபக்கம், கீழ்பாதிக்காரர்கள் மறுபக்கம். இடுப்பில் கவண்கள் செருகியிருந்தன. அலங்காரத்துக்குத்தான் என்று இரு தரப்பும் சொல்லிக்கொண்டது. நடுவே சிவப்புப் பாய். அதன்மேல் கள் நிரம்பிய இரண்டு குவளைகள். இந்த முறை ரிமாச்சி சாமர்த்தியமாக ஏற்பாடு செய்திருந்தார்: யாரும் யாருக்கும் நீட்ட வேண்டாம், இருவரும் ஒரே நேரத்தில் பாயிலிருந்து எடுக்கட்டும். பிறகு யார் கையிலிருந்து யார் வாங்குவது என்ற கேள்வி மட்டும் பாக்கி இருந்தது. சமாதானத்துக்குப் பாதி வழிதான் போட்டிருந்தார்.

அப்பாசா மெலிந்து உயர்ந்தவர், லாரிகோ குட்டையாகப் பீப்பாய் போல இருப்பார். இருவரும் ஒரே நொடியில் குனிந்தார்கள், எடுத்தார்கள், நிமிர்ந்தார்கள். அப்பாசா தன் குவளையைப் பார்த்தார்: பூமாவுக்குக் கீழே கறுப்பு. எதிரே இருந்ததைப் பார்த்தார்: காவி. லாரிகோவும் அதையே பார்த்தார், தலைகீழாக.

"அவன் கையில மட்டும் ஏன் சிப்பி முன்னால இருக்கு?" என்றார் அப்பாசா.

"அதை நானில்ல கேக்கணும்? மேகத்தை உன் கையில குடுத்துட்டு எனக்கு வெறும் சிப்பியா?"

சிப்பியை வைத்திருப்பவன்தானே மழையைக் கூப்பிடுவான் என்று மேல்பாதிக் கூட்டத்தில் சலசலப்பு. மழையே அவன் கைக்குப் போய்விட்டதே என்று கீழ்பாதியில் முணுமுணுப்பு. கவண்கள் இடுப்பிலிருந்து கைக்கு வந்தன. கொந்தோரியின் முகம் காய்ந்த கிழங்குபோல் சுருங்கியது. வலது கை தன்பாட்டுக்குக் காற்றில் வீசிக்கொண்டது. கொசு இப்போதே வந்துவிட்ட மாதிரி.

திக்லாவுக்கு மட்டும் பயத்துக்கு நடுவே ஒரு பழைய சந்தோஷம் எட்டிப்பார்த்தது. சந்தையில் இரண்டு பேர் ஒருவன் சரக்கை ஒருவன் முறைத்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாதா? இரண்டு பேருக்கும் மற்றவன் சரக்குதான் வேண்டும். இதைவிடச் சுலபமான வியாபாரம் எங்கே கிடைக்கும்? அவள் ரிமாச்சியைப் பார்த்தாள். அவர் மோவாயை ஒரு நூல் அசைத்தார். பேசு என்று அர்த்தம்.

"தலைவருங்களா," என்றாள், "மாத்திக்கோங்களேன்."

அப்பாசா யோசித்தார். தன் மேகத்தைக் கொடுப்பதில் அவருக்கு வருத்தம்தான், ஆனால் அந்தச் சிப்பி லாரிகோவிடம் இருப்பது அதைவிட வருத்தம். லாரிகோவின் கணக்கும் அதேதான். ஆனால் இருவரும் தந்திரக்காரர்கள். முதலில் கொடுத்துவிட்டு ஏமாறக் கூடாது என்று, கண்ணோடு கண் வைத்து, வலது கையால் நீட்டி இடது கையால் பறித்தார்கள். ஒரே நொடி. இருவர் முகத்திலும் நன்றாக ஏமாற்றிவிட்டேன் என்ற திருப்தி.

அப்போதுதான் ரிமாச்சி எழுந்து நின்றார். அந்தக் குறைந்த பேச்சுக்காரர் அன்றைக்குத்தான் முதல்முறையாகக் குரலை உயர்த்திப் பேசியதாக ஏரிக்கரை சொல்கிறது.

"அப்பாசா நீட்டினார், லாரிகோ வாங்கினார். லாரிகோ நீட்டினார், அப்பாசா வாங்கினார். எல்லாரும் பாத்தீங்க. இப்ப ரெண்டு பேருமே வீட்டுக்காரங்க, ரெண்டு பேருமே விருந்தாளிங்க. குடிங்க."

தலைவர்கள் இருவரும் கையில் இருந்த குவளையைப் பார்த்தார்கள். எதிராளி கொடுத்த குவளை. வாங்கியாயிற்று, ஊரே பார்த்தாயிற்று, திருப்பிக் கொடுத்தால் சண்டைக்குக் கூப்பிட்டவன் என்ற பெயர் தன் தலையில்தான் விழும். அது மட்டுமல்ல, ஆசைப்பட்டுப் பறித்தது மறுபடி எதிராளிக்கே போய்விடும். அப்பாசாவின் வாய் கோணியது. லாரிகோவின் தொப்பை குலுங்கத் தொடங்கியது. யாருடைய சிரிப்பு முதலில் வெடித்தது என்பதில் மேல்பாதிக்கும் கீழ்பாதிக்கும் இன்றுவரை ஒற்றுமை இல்லை. ஆனால் குவளைகள் ஒன்றாகத்தான் கவிழ்ந்தன. ஒரு சொட்டுக்கூட மிச்சமில்லை என்று இருவரும் தலைகீழாகப் பிடித்துக் காட்டினார்கள். கூட்டம் கத்தியது, கவண்கள் மறுபடி அலங்காரமாயின, பெண்கள் பெரிய கள்ஜாடிகளின் கழுத்தைச் சாய்த்தார்கள்.

நாணல்காடு இரண்டு ஊருக்கும் பொதுவாயிற்று. குவளைகளை யார் வீட்டுக்கு எடுத்துப்போவது என்பதில் மட்டும் இன்னொரு சச்சரவு கிளம்பியது. ஜோடியைப் பிரிக்கக் கூடாது. கடைசியில் வருஷத்துக்கு ஒரு வீடு என்று முடிவாயிற்று. அதனால் வருஷத்துக்கு ஒருமுறை இருவரும் சந்தித்தே ஆக வேண்டும், சந்தித்தால் குடித்தே ஆக வேண்டும் என்பதை அவர்கள் யோசித்த மாதிரி தெரியவில்லை.

ரிமாச்சி ஓவியர் ஜோடியைக் கூப்பிட்டார். கொந்தோரி அவள் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கியபடி போனான். கொட்டகை உங்களுடையதுதான் என்றார். அடுத்த அறுவடைக்குள் இதே மாதிரி அறுபது ஜோடி வேண்டும். ஒன்றில் கறுப்பு முதலில், மற்றதில் காவி முதலில். இன்காவின் நகரத்துக்கே ஒரு ஜோடி போகும்.

கொந்தோரி தரையில் விழுந்து கும்பிட்டு, புறப்படலாம் என்று அவள் கையைப் பிடித்து இழுத்தான். திக்லா நகரவில்லை.

அறுபது ஜோடிக்கு மண் தோண்ட ஆள் போதாது என்றாள். சாணி பற்றாது, நல்ல காவி தெற்கு மலையிலிருந்துதான் வர வேண்டும், வரும் வழியில் லாமாவுக்குக் கால் தேயும் என்றாள். கொந்தோரி அவள் காலை மிதித்தான். அவள் அதைக் கண்டுகொள்ளாமல் சொல்லிக்கொண்டே போனாள்: மண் தோண்ட நாலு ஆள், காவிக்கு ஆறு லாமா, இந்தக் குளிருக்கு நல்ல கம்பளி இரண்டு, கடலோரத்து மிளகாய் ஒரு மூட்டை.

"மிளகாய் எதுக்கு?" என்றார் ரிமாச்சி.

"அது எனக்குங்க ஐயா. இந்த ஊர்க் கிழங்கை எத்தனை வருஷம்தான் சும்மா திங்கறது?"

ரிமாச்சி அவளை ஏற இறங்கப் பார்த்தார். மூன்று ஆள், நாலு லாமா, இரண்டு கம்பளி என்றார். மிளகாயில் மட்டும் அவர் கை வைக்கவில்லை.

கொட்டகைக்குப் போகிற வழியில் கொந்தோரி எதிரே வந்தவர்களையெல்லாம் நிறுத்தி, இந்தச் சித்திரம் முழுக்க முழுக்க தன் பெண்டாட்டியின் யோசனை, தான் காவி கரைத்துக் கொடுத்ததோடு சரி என்று சொல்லிக்கொண்டே வந்தான். ஐந்தாவது ஆளிடம் அவன் ஆரம்பித்தபோது திக்லா அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். அறுபது ஜோடிக்கு மண் பிசைய வேண்டியிருந்தது.